உறையாத கேன்

கிட்டே வந்து உட்காருங்கள். இது நம் சம்பந்தியின் தமையனாருக்கு நடந்தது. பெயர் வேண்டாம்... மரியாதையான குடும்பம்.

இரவு மணி பதினொன்றே கால். ஐஸ் தொழிற்சாலைக்குப் போகிற சாலை. இரண்டு மைலுக்கு ஒரு விளக்கு கிடையாது. சைக்கிளில் அவர் ஒருவர்தான். செயினின் கிறீச்... கிறீச்... பிறகு காற்றில் அம்மோனியா நெடி. மூக்கு எரிந்தால் வாசல் வந்துவிட்டது என்று பொருள்.

இருபத்தாறு ஆண்டுகளாக அங்கே பிரைன் தொட்டி அவர் பொறுப்பு. மரப்பலகைகளைத் தூக்கினால் கீழே கெட்டியான உப்புக் கரைசல். பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே குளிர்ந்து கிடக்கும், ஆனாலும் உறையாது. உப்பு விடாது. அதற்குள் கழுத்தளவு முங்கி நிற்கும் கேன்களில் நல்ல தண்ணீர். அதுதான் ஒரே நாளில் பாறையாகும்.

மூன்று இரவுகளாக ஒரு கேன் மட்டும் உறையவில்லை.

"என்னண்ணே, உங்க கேனுக்கு மட்டும் காய்ச்சலா?" என்றார் கம்ப்ரசர்காரர்.

"ஓட்டை விழுந்திருக்கும். பிரைன் உள்ள போனா எப்படி உறையும்?"

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க? புதுக் கேன் மாத்தியாச்சே!"

அவர் பலகையை விலக்கிக் கொக்கியை எடுத்தார்.

மூன்று நாளைக்கு முன்புதான் மைத்துனர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்கா. கண்ணு தொறந்தா அப்பாவத்தான் கேக்கறா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"எனக்குப் பொண்ணு கெடையாது."

ஆறு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன சொல். வீட்டாரைக் கேளாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் இல்லை. மைத்துனர் திரும்பிப் போனார். அன்றைக்கு இரவுதான் அந்தக் கேன் முதலில் உறையாமல் நின்றது.

கேனைக் கொக்கி போட்டு மேலே தூக்கினார். தட்டினார், தடவினார். ஓட்டை இல்லை. உள்ளே தண்ணீர் மெல்ல ஏறி இறங்கியது... மூச்சு விடுவது போல. விரலை விட்டார். வெதுவெதுப்பு.

நாக்கில் வைத்தார்.

தொட்டியில் இருப்பது கால்சியம் குளோரைடு. ஒரு சொட்டு பட்டால் நாக்கு கசந்து காந்தும். இது அந்தக் கசப்பில்லை. கண்ணீரின் உப்பு. சின்னவளாக அவள் அழும்போது கன்னத்தில் முத்தமிட்டால் அவர் உதட்டில் ஒட்டுமே... அந்த உப்பு.

கொக்கி கை நழுவித் தரையில் விழுந்தது. கேன் தானாகத் தொட்டிக்குள் இறங்கியது. அவர் சைக்கிளை எடுத்தார்.

"எங்கண்ணே, ஷிப்ட்ல?"

"ஆஸ்பத்திரிக்கு."

பாதி வழியில் எதிரே ஒரு வண்டி. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இறங்கியவனின் முகத்தை அவர் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது, மருமகன்.

"ஐயா... ரெண்டு கட்டி ஐஸ் வேணும்."

மாமா என்று கூப்பிடவில்லை. அந்த உரிமையை அவர் கொடுத்தால்தானே?

"எதுக்கு?"

"வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம். பத்தே முக்காலுக்குப் போயிட்டா. காலையிலதான் எடுக்கணும்."

திரும்பி வந்தார். கம்ப்ரசர்காரர் தொட்டியருகே வெலவெலத்துப்போய் நின்றார்.

"இப்பத்தாண்ணே... நீங்க போன கையோட. படார்னு ஒரு சத்தம். உங்க கேன் அடிவரைக்கும் உறைஞ்சு போச்சு."

அந்தக் கட்டியையும் வேறொன்றையும் அவரே வண்டியில் ஏற்றினார். அவரே தோளில் சுமந்து அந்த வீட்டுக்குள் கொண்டுபோனார். ஒன்றை அவள் கால்மாட்டில் வைத்தார். உறையாத கேனின் கட்டி தலைமாட்டில்.

"இவரு யாரு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நாக்கு பழக்கத்தில் புரண்டுவிட்டது. "ஐஸ் பாக்டரி ஆளு."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

விடிந்தது. வெயில் ஏறியது. கூடம் கொள்ளாத கூட்டம், புழுக்கம். கால்மாட்டுக் கட்டி உருகி, வாளி இரண்டு தடவை நிரம்பியது. தலைமாட்டுக் கட்டி அப்படியே இருந்தது. ஓரங்கள் கத்தி போல. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எடுக்கிற நேரம் வந்தது. அப்போதுதான் அவர் தலைமாட்டில் மண்டியிட்டார்.

"என் பொண்ணு..." என்றார். பிறகு கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி, "இவ என் பொண்ணு! நான் பெத்த பொண்ணு!"

அந்தக் கட்டியைக் கட்டிப்பிடித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் அழுத்தி, "இளகும்மா... அப்பா வந்துட்டேன், இளகும்மா..." என்று கதறினார். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

கடைசியில் மைத்துனர்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

இரண்டும் காய்ந்திருந்தன.