காளான் அலமாரிக்கு ஒரு பூட்டு

...அதத்தான் அண்ணே நானும் கேக்கறேன், சொந்த வீட்டு அடுக்களையில, சொந்த அலமாரிக்கு, ஒருத்தி பூட்டுப் போடுவாளா? போடறேனே. வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க. நீங்க பூட்டுக்காரரு, எத்தனை வீடு பாத்திருப்பீங்க, அதான் சிரிக்காம துளை போடறீங்க. உங்களுக்கு ஒரு டீ போடணும். போடறேன், இருங்க, முதல்ல விஷயத்தக் கேளுங்க.

என்ன? நகையா? அட போங்கண்ணே, நகை இருந்தா இந்தப் பருப்பு டப்பா பக்கத்துலயா வெப்பேன். காளான். காட்டுக் காளான், காய வெச்சது. இதோ உங்க முழங்கைகிட்ட இருக்கே, அந்தக் கண்ணாடி டப்பா. பாத்து, பாத்து... இப்படிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். கழுத்து வரைக்கும் இருக்கு, தட்டி விட்டுராதீங்க. இந்த மழைக்கு நாங்க அலைஞ்ச அலைச்சல் மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு.

நாங்கன்னா நானும் எங்க ஓரகத்தியும். எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, மாடியில இருக்கா. மழை விட்டா போதும், ரெண்டு பேரும் கூடையத் தூக்கிட்டு காட்டுக்குக் கிளம்பிருவோம். அவ இருக்காளே, காளான்ல புலி. எது சட்டிக்கு, எது சுடுகாட்டுக்குன்னு தண்டத் திருப்பிப் பாத்துச் சொல்லிருவா. ஒரு டீச்சரம்மாகிட்ட வருஷக்கணக்காப் போய்க் கத்துக்கிட்டா. நானும் ஒரு நாள் போனேன்... நல்லாத் தூங்கினேன். எனக்கு எல்லாக் காளானும் ஒண்ணுதான், எல்லாம் குடை. நான் பொறுக்கினதுல முக்காவாசிய அவ தூக்கி எறிஞ்சிருவா. ஆனா பஸ்ல வர்றப்போ அந்த வாசனைக்குப் பக்கத்து சீட்டுக்காரரு மூக்கப் பொத்திட்டு எந்திரிச்சுப் போயிருவாரா, நாங்க காலை நீட்டி உக்காந்து சிரிச்சுக்கிட்டே வருவோம். வயசு அம்பதத் தாண்டியாச்சு, சிரிப்புக்கு ஒரு குறைச்சலும் இல்ல.

அந்தா மூலையில தட்டு தட்டா அடுக்கி இருக்கு பாருங்க, அதான் காய வைக்கிற மெஷினு. ரெண்டு பேருக்கும் பொது. எங்க வீட்டுக்காரரு எதுக்கும் வாயத் திறக்காதவரு, அது வந்த அன்னிக்கு மட்டும் திறந்தாரு. "இட்லிப் பானைக்கு எதுக்கு கரண்டு?"ன்னாரு. அவருக்கு அவ்வளவுதான். காளானத் துடைச்சு, ஒரு கொதி விட்டு, வடிச்சு, சீவி, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டாம தட்டுல பரப்பணும். சூடு கம்மியா இருக்கணும். கூட்டி வெச்சா வெளிய காஞ்சு உள்ள ஈரம் நின்னுரும். அது பாட்டுக்கு ஊஊன்னு ஓடும். ஒரு கூடை கொண்டு வந்தா ஒரு கைப்பிடிதான் தேறும். தெரியும் அண்ணே, தண்ணி வத்துனா சுருங்கும்னு எனக்குத் தெரியாதா என்ன? நான் சொல்றது அதுக்கப்புறம். டப்பாவுல போட்டு மூடினதுக்கப்புறம். அங்கதான் குறையுது.

காஞ்சது சரியான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சொல்லுங்க. தொட்டுப் பாத்தா தெரியாது. வளைஞ்சா ஈரம் இருக்குன்னு அர்த்தம், பூஞ்சை புடிச்சு மொத்த டப்பாவும் போயிரும். படக்குனு உடையணும். இதோ... படக். கேட்டுச்சா? ம்... ம்ம். இது சரியாத்தான் இருக்கு. ஆனா மேல இருக்கறத நம்பக் கூடாது, அடியில இருக்கறதப் பாக்கணும். இதோ... படக். ம். உடைஞ்சதத் திருப்பிப் போட முடியாது பாருங்க, முழுசு முழுசா இருக்கற எடத்துல துண்டும் துணுக்குமா அசிங்கமா இருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், குறையுது. ரெண்டு டப்பா நிறைய இருந்தது இப்ப இந்த ஒண்ணுதான், நாளுக்கு நாள் குறையுது. எங்க வீட்டுக்காரருக்குக் காளான்னாலே ஆகாது. அப்ப இந்த அடுக்களைக்குள்ள கேக்காம வந்து போறது யாரு? அவ ஒருத்திதான். எனக்கும் எத்தனை நாள் மனசுலயே வெச்சுக்க முடியும்? போன வாரம் கேட்டுட்டேன். நேராக் கேக்கல... "ஏம்மா, மாடியில எலி ஏதாவது வளக்கறியா?"ன்னேன். படக்... ம், இதுவும் சரி. சாடையாத்தான் கேட்டேன். ஆனா அவளுக்குப் புரியாதா? கையில இருந்த கூடைய இறக்கி வெச்சா. அப்புறம் சொன்னா, "ஞாயித்துக்கிழமை வந்து என் பங்க வாங்கிக்கறேன்க்கா. மெஷின நீங்களே வெச்சுக்கோங்க. இனி காட்டுக்கும் நீங்களே போய்க்கோங்க."

நானே போறதா! நான் போனா அடுத்த நாள் வீட்டு வாசல்ல பாடைதான். அது கூடப் பரவாயில்ல அண்ணே... அவ இல்லாம அந்தக் காட்டுல நான் யாரோட சிரிக்கறது? அழுகையா வருது. படக்... ம்ம். ஒரு வாரமா மாடியில நடக்கற சத்தம் மட்டும் கேக்குது, ஆளக் காணல. எனக்கும் வீம்பு. பூட்டுப் போட்டாதான் கள்ளி யாருன்னு தெரியும்னு உங்களக் கூப்பிட்டேன். இன்னிக்குத்தான் ஞாயித்துக்கிழமை, இப்ப வந்துருவா. கெட்டியா மாட்டுங்க. படக்.

என்னண்ணே, நிறுத்திட்டீங்க? ஸ்க்ரூ தீந்துருச்சா? பின்ன என்ன பாக்கறீங்க... டப்பாவையா? டப்பாவுக்கு என்ன?

இது... நீங்க வந்தப்போ கழுத்து வரைக்கும் இருந்துச்சுல்ல? இப்ப மூணு விரல் அளவுக்கு எறங்கிக் கிடக்குது! அண்ணே... நீங்க ஏதாவது... சேச்சே, கோச்சுக்காதீங்க, வாய் தவறிருச்சு. உங்க ரெண்டு கையும் கதவுலதான் இருக்கு, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். வேற யாரும் வரல. டப்பா என் மடியிலயேதான் இருக்கு.

மடியில என்ன இது... தூளு?

ஐயோ. ஐயையோ அண்ணே. உடைச்சு... உடைச்சு... நான் வாயில போட்டுக்கிட்டேனா? இப்ப மட்டும் இல்ல... காலைல டீ கொதிக்கறப்போ ஒண்ணு உடைச்சுப் பாப்பேன். மத்தியானம் ஒண்ணு. போன்ல எங்க அக்காகிட்ட பேசறப்போ எத்தனைன்னு யாருக்குத் தெரியும், எங்க அக்கா வெக்கவே மாட்டா. அட கடவுளே, தின்னு தீத்தது நானா? சிரிக்காதீங்கண்ணே. சரி, சிரிங்க, எனக்கே சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. எலியாம் எலி. எலி இங்க சேல கட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கு! பாவி நான், அந்தப் புள்ளையப் போய்... ஒரு வார்த்தை திருப்பிக் கேக்காம போனாளே.

படியில சத்தம் கேக்குது. அவதான். அண்ணே, ஓடிராதீங்க, கொஞ்சம் நில்லுங்க. இல்ல, கழட்ட வேணாம், பூட்டு அங்கயே இருக்கட்டும். சாவி எத்தனை? ரெண்டா? ஐயோ, எங்கிட்ட நீட்டாதீங்க.

வாம்மா. உள்ள வா. பங்கெல்லாம் அப்புறம்... முதல்ல அண்ணன்கிட்ட கையை நீட்டு. ரெண்டு சாவியையும் அவகிட்டயே குடுங்கண்ணே. இந்தக் கள்ளி கால்ல விழுந்து கேட்டாலும் தரக் கூடாதுன்னு சொல்லிக் குடுங்க.