ஒரு விநாடிக்குள் பால்கோவா

நாய்க்கு வேகவைத்த ஈரலும் கிளிக்குச் சூரியகாந்தி விதையும் இருந்தால் போதும் மேடம், எதையும் பழக்கிவிடலாம். உத்திரமேரூரில் ஒன்பது வருடமாக இதுதான் என் தொழில். ஒரு பிராணியைக்கூட அடித்ததில்லை. சரியாகச் செய்தால் ஒரு விநாடிக்குள் பரிசு. தவறாகச் செய்தால் கண்டுகொள்ளக் கூடாது. அவ்வளவுதான் பாடம். கோபக்காரன் இதற்கு லாயக்கில்லை.

என் மனைவி கனகாவையும் நான் அடித்ததில்லை. அவள் அண்ணன் அரவிந்தன் கொடுத்த புகாரிலேயே அப்படி எதுவும் இல்லை, பார்த்திருப்பீர்கள்.

விஷயம் ஒரு கிளியில் ஆரம்பித்தது. திருப்புலிவனம் பக்கம் பண்ணை வீடு வைத்திருக்கும் சென்னைக்கார அம்மா ஒருவர், தன் ஆப்பிரிக்கக் கிளிக்கு 'நல்வரவு' சொல்லப் பழக்கித் தரும்படி ஒரு மாதம் எங்கள் வீட்டில் விட்டிருந்தார். திரும்பிப் போன கிளி, வந்த விருந்தாளிகளிடம், "இன்னாமே, சோறு துன்னியா?" என்று கேட்டிருக்கிறது. அச்சு அசல் கனகாவின் குரல். அவள் மானாம்பதிக்காரி. எனக்கு மானம் போய்விட்டது. கிளியைத் திருத்திப் பயனில்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்தவளைத் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். நானும் இதே பேச்சில் வளர்ந்தவன்தான். மாறவில்லையா?

அவளுக்குப் பால்கோவா என்றால் உயிர். வாலாஜாபாத்தில் வாங்கி, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். 'என்ன' என்றால் ஓர் உருண்டை. 'இன்னா' என்றால் எனக்குக் காது கேட்காது. 'வூடு', 'கீது' எதுவும் கேட்காது. நாய்களுக்கு டக்கென்று ஒலிக்கும் கிளிக்கர் வைத்திருக்கிறேன். மனைவியிடம் அது மரியாதையாக இருக்காது என்று நாக்காலேயே ஒலி கொடுத்தேன். முதலில் சிரித்தாள். "நான் இன்னா நாயா?" என்றாள். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் பேச்சு பாதியாகக் குறைந்து, சுத்தமாகிவிட்டது.

அப்போதுதான் மாமனார் நாலு நாள் தங்க வந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். தோட்டத்தில் ஓர் அல்சேஷனை உட்காரப் பழக்கிக்கொண்டிருந்தேன். கனகா ஓடிவந்தாள்.

"நைனாக்கு மாரு நோவுதாம், காரை எடுய்யா."

நான் நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடிப்போய் மறுபடி வந்தாள்.

"வேர்த்துக் கொட்டுது. இன்னாத்துக்குக் கல்லு மாரி நின்னுக்கினு கீற?"

விஷயம் எனக்குப் புரிந்தது மேடம், மறைக்கவில்லை. ஆனால் ஒருமுறை இடம் கொடுத்தால் ஆறு மாத உழைப்பு வீண். அவசரம் என்றால் எப்படியும் பேசலாம் என்று பழகிவிடும்.

நூற்றெட்டுக்கு அவளே போன் செய்திருக்கலாமே என்று கேட்டீர்கள். போனை எடுத்துக் கையில்தான் வைத்திருந்தாள். தவறாகப் பேசிவிடுவோம் என்று பயந்து, வெளியாரிடம் பேசுவதை அவள் நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து மூன்றாவது முறை வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. தயவுசெய்து வண்டியை எடுங்கள்."

ஒரு பிழை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாக்கால் ஒலி கொடுத்து, ஒரு விநாடிக்குள் அவள் உள்ளங்கையில் பால்கோவாவை வைத்தேன். பிறகு காரை எடுத்தேன். பாதி வழியிலேயே மாமனார் போய்விட்டார். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் விரல்களைப் பிரித்தபோது, பால்கோவா அப்படியே கசங்கிக் கிடந்தது.

அந்தத் தாமதம் என்னுடையது. அவர் சாவுக்கு நான்தான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து கனகா யாரிடமும் வாயே திறப்பதில்லை என்று அரவிந்தன் சொல்வதும் உண்மைதான். ஆனால் அதைக் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். நாற்பத்தொரு நாள் மேடம், அவளிடமிருந்து ஒரு சொல்கூடத் தவறாக வரவில்லை.