தகட்டுக்கு இந்தப் பக்கம்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை, ஐயா. உட்கார்ந்தவர் அசையும்போதெல்லாம் 'டக்'கென்று ஒரு சத்தம் வருகிறது. ஒரு அட்டையை மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். போவதற்குள் செய்து தருகிறேன். எதையாவது ஆட்டத்தோடோ இடைவெளியோடோ பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. என் மனைவி அதை வியாதி என்பாள். என் மேலதிகாரி கடமை உணர்ச்சி என்பார்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. தெரியும். போன வாரமே என் சாட்சியத்தை எழுதிக்கொண்டு, "உங்க மேல ஒரு குறையும் இல்ல மேஸ்திரி, நிம்மதியா போங்க" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டீர்கள். நாளை உங்கள் அறிக்கை மேலே போகிறது. அதில் குற்றவாளி என் மச்சினன். அவனுக்கு வேலை போகும். அதோடு நிற்காது, ஜெயிலும் உண்டு என்று எங்கள் பட்டறையில் பேசிக்கொள்கிறார்கள். தண்டவாளத்தில் இரண்டு பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் உள்ளே போய்த்தானே ஆகவேண்டும்.

அவன் போகக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். குறுக்கே கேட்காமல் இருந்தால் வரிசையாகச் சொல்லிவிடுவேன்.

இடத்தை நீங்கள் ஒரே ஒரு தடவை, குடைக்குள் நின்றபடி பார்த்தீர்கள். நான் தினமும் பார்க்கிறவன். இந்தப் பக்கம் குடியிருப்பு. அந்தப் பக்கம் விளையாட்டு மைதானம். நடுவே ரயில் பாதைகள், அதுவும் வளைவில். முறையாகப் போகவேண்டுமென்றால் நடைமேம்பாலம் வரை போய், ஏறி இறங்கி, அவ்வளவு தூரமும் மறுபடி திரும்பி நடக்கவேண்டும். எந்தப் பிள்ளை நடக்கும்? வேலியில் ஒரு தகட்டைக் கழற்றிவிட்டார்கள். நான் மாட்டினேன். கழற்றினார்கள். மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்பானரோடு நான் கிளம்புவதைப் பார்த்து என் மனைவி, "அந்தத் தகட்டையே கட்டியிருக்கலாம் நீங்க" என்றாள்.

மேலதிகாரி வேறு, பட்டறையில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன்கள் முன்னால் வைத்துக் கேட்டார்: "மேஸ்திரி, உங்க வேலியில லாரியே போயிட்டு வரும்போல இருக்கே?"

நான் சிரித்துவைத்தேன்.

என் மச்சினனைப் பற்றிச் சொல்லவேண்டும். மனைவியின் தம்பி, நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். வேலிக்கு உள்ளே, தண்டவாளப் பக்கம் நின்று வேலை செய்தால் கொடிக்காரர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். வண்டி வருகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை, ஸ்பானரைத் தொடக்கூடாது. என் குழுவுக்குக் கொடிக்காரன் அவன்தான். கண் தண்டவாளத்தில் இருக்கும், மனசு பிள்ளைகளிடம் இருக்கும். தகடு கழன்று கிடக்கிற நாட்களில் அந்தச் சந்தில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, விசில் ஊதி, கோழி குஞ்சுகளை ஓட்டிப்போகிற மாதிரி அவர்களைக் கடத்திவிடுவான்.

"டேய், இது சட்டப்படி அத்துமீறல்" என்றேன்.

"அத்துமீறல்தான் அத்தான். நான் கூட்டிட்டுப் போகலேன்னா அதுங்களே ஓடும். எது தேவலை?"

"நீ கூட்டிட்டுப் போறதாலதான்டா வருதுங்க."

"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி மட்டும் என்ன, பறந்தா போச்சுங்க?"

பிள்ளைகள் அவனைக் கொடி மாமா என்று கூப்பிட்டார்கள். எனக்கு வைத்த பெயர் பூட்டு. "டேய், பூட்டு வருதுடா" என்பார்கள், ஏதோ நாய் வருகிற மாதிரி. அதில் நெட்டை என்று ஒருவன், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "பூட்டுக்குச் சாவி எங்கடா?" என்று கேட்பான். பொடியன் ஒருவன், "கொடி மாமா பாக்கெட்ல" என்று கத்துவான். பொடியனின் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் மச்சினனும் சிரித்தான், ஒரு தடவை. நானும்தான் சிரித்தேன். பிள்ளைகள்தானே.

அந்த நாளுக்கு வருகிறேன்.

விடுமுறை நாள். பிள்ளைகள் மூன்று பேரும் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். நான் மச்சினனைக் கூப்பிட்டு, "கிடங்குக்குப் போய் ஒரு டின் பெயிண்ட் வாங்கிட்டு வா. ஆள் இல்லேன்னா வர்ற வரைக்கும் காத்திரு" என்றேன். அன்று கிடங்கு பூட்டிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவன் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தான். "புள்ளைங்க அந்தப் பக்கம் இருக்குதுங்க அத்தான். நான் வர்ற வரைக்கும் அடைச்சிடாதீங்க."

"சரி" என்றேன்.

உங்களிடம் அவன் டீ குடிக்கப் போனதாகச் சொன்னான். டீக்கடைக்காரர் அவன் வரவேயில்லை என்றார். பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினீர்கள். பொய்தான் சொன்னான். வழி திறந்து கிடக்கும்போது கொடிக்காரனை மேஸ்திரியே அனுப்பினார் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். என் வேலை போனால் அவன் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான். நான் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அனுப்பினேன்? பிள்ளைகள் நல்லதுக்குத்தான். ஒரே ஒரு நாள், வந்த வழி அடைபட்டுக் கிடப்பதை அவர்கள் பார்க்கவேண்டும். சுற்றி நடக்கவேண்டும், கால் வலிக்கவேண்டும். கால் வலித்த பிள்ளை மறுநாள் வராது. வராத பிள்ளை சாகாது. நீங்களே சொல்லுங்கள், இதில் இரக்கத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? மேம்பாலத்துக்குப் போகவேண்டுமானால் அவர்கள் அத்தனை பாதைகளையும் மறுபடி கடந்து, கொடி இல்லாமல், திரும்பிப் போகவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விதியை மட்டும் மீறவில்லை. கொடிக்காரன் இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. அதனால் தெருப் பக்கமே நின்று, நட்டுகள் தெருப் பக்கம் வருகிற மாதிரி மாட்டினேன். என் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லாமல் வேலை நடந்தது.

பிறகு நடந்ததை ஊரே பேசுகிறது. நெட்டையும் பொடியனும் போய்விட்டார்கள். பொடியனின் அக்கா வடிகாலுக்குள் விழுந்ததால் பிழைத்தாள்.

பொடியனின் அம்மா தையல்காரி. மேலதிகாரியோடு நானும் போனேன். அவள் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். ஊசிக்கு அடியில் ஒரு சின்னச் சட்டையின் கை பாதி தைத்தபடி நின்றது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"நீங்க எத்தனை தடவை அடைச்சீங்க. எங்க புள்ளைங்கதான் பிரிச்சுப் பிரிச்சுப் போச்சுங்க. மன்னிச்சிடுங்க ஐயா."

மன்னிப்புக் கேட்டது அவள், என்னிடம். நான் தலையை ஆட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

வெளியே வந்ததும் மேலதிகாரி என் தோளைத் தட்டினார். "பாவம்தான். ஆனா அத்துமீறி நுழைஞ்சவங்க மேஸ்திரி. நாம என்ன பண்ண முடியும்?"

அத்துமீறி நுழைந்தவர்கள். நல்ல கனமான போர்வை அந்த வார்த்தை. நானும் இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். தலையை மூடினால் கால் தெரிந்தது.

வீட்டில் இப்போது யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் பாதிச் சாப்பாட்டில், எச்சில் கையோடு ஓடிப்போய்த் திறக்கிறேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஓடுகிறேன். "என்னங்க, அது அவங்க வீடு" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்து வருகிறாள். தம்பியை நினைத்து நான் கலங்குவதாக அவள் நினைக்கிறாள். "அவன் அப்படிப்பட்டவன் இல்லேன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை போய்ச் சொல்லுங்களேன்" என்று அழுதாள்.

"விசாரணை நடக்குதுல்ல" என்றேன்.

அந்தப் பெண் குழந்தை, கையில் மாவுக்கட்டோடு இந்த அறையில் நின்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். "கொடி மாமா அந்தப் பக்கம் நின்னாரு. கூப்பிட்டோம். தொறக்கல. நாங்க தள்ளினோம், அவரும் தள்ளினாரு."

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். இடத்தில் இல்லாமல் போன குற்றம், இடத்தில் இருந்தும் திறக்காத குற்றமாக மாறியது அப்போதுதான். என் மச்சினன், "நான் இல்லம்மா, நான் இல்லம்மா" என்று அவள் முன்னால் முட்டி போட்டு அழுதான். நடிக்கிறான் என்று யாரோ சொன்னார்கள்.

அப்புறம் வராந்தாவில் என்னிடம் வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அந்தப் பொண்ணு பொய் சொல்லாது அத்தான். யாரோ நின்னிருக்காங்க. யாரா இருக்கும்?"

என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டான். சந்தேகம் ஒரு துளி இல்லை.

"தெரியலையே" என்றேன்.

"யாரா இருந்தா என்ன. நான் அங்க இருந்திருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றான். அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்குவது நின்றது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வேலையை முடித்துவிட்டு, பிள்ளைகள் வருமுன்பே வீட்டுக்குப் போய்விட்டேன் என்று நான் சொன்னது பொய். நான் அங்கேதான் இருந்தேன்.

முதலில் ஜல்லியில் ஓடிவரும் கால் சத்தம் கேட்டது. சிரிப்பு. பிறகு சட்டென்று அமைதி.

"டேய், அடைச்சிருக்குடா."

"பூட்டு வேலை."

தட்டினார்கள். "கொடி மாமா, இருக்கீங்களா?"

தகட்டுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி உண்டு. அதன் வழியே என் காலணி தெரிந்திருக்கிறது. எங்கள் குழுவில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் காலணிதான் கொடுக்கிறார்கள்.

"மாமா, கால் தெரியுது. வெளையாடாதீங்க." பொடியனின் குரல். "பூட்டு போயிட்டாரா? போயிட்டார்னா தொறங்க மாமா."

நான் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான்தான் என்று தெரிந்து, பயந்து, வந்த வழியே ஓடியிருப்பார்கள். ஓடியிருந்தால் மூன்று பேரும் இன்று இருந்திருப்பார்கள். ஏன் பேசவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவர்கள் என்னை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது நன்றாக இருந்தது.

ஹாரன் கேட்டது. இந்தத் தொழிலிலேயே நரைத்தவன் நான். எந்தப் பாதையில் வண்டி வருகிறது என்று காது சொல்லிவிடும். வேலியை ஒட்டிய பாதை. அங்கே வேலிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் உடம்பை வேலியோடு ஒட்டிக்கொண்டு, அசையாமல் நின்றால் தப்பலாம். பிள்ளைகளுக்கு அசையாமல் நிற்கத் தெரியாது.

வழியை அடைத்துவிட்டேன் என்று என் சாட்சியத்தில் இருக்கிறது. அதுவும் பொய். மேலே மாட்டியிருந்தேன், நடுவில் மாட்டியிருந்தேன். கீழ் மூலை இன்னும் மாட்டப்படவில்லை. பிள்ளைகள் சேர்ந்து தள்ளினால் தகடு வளைந்து வழிவிடும். அது அவர்களுக்கும் தெரியும். தள்ளினார்கள்.

அந்த மூலையைப் பிடித்திருந்தது என் கால், ஐயா.

அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆள் மட்டும்தான் வேறு. அவர்கள் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். இப்போது விட்டால் நாளைக்கும் வருவார்கள், இன்னும் கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மாமா மாமா என்ற கூப்பாடு வண்டிச் சத்தத்துக்குள் போய்விட்டது. பூட்ஸின் முனையில் ஒரு சின்ன அழுத்தம் மட்டும் கடைசிவரை இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

வண்டி போய் முடிந்தது. தட்டல் இல்லை, பேச்சு இல்லை. அப்பாடா, புத்தி வந்து சுற்றிப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்தால் அடியில் இருந்த இடைவெளி வழியே பார்த்திருக்கலாம். குனியத்தான் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கையால் துளையைத் தடவிக் கண்டுபிடித்து, கடைசி போல்ட்டை மாட்டி இறுக்கினேன்.