துணியில்தான் அடிக்கணும்

இலியாஸ்: ...சரி, அடுத்த கேள்வி. வார்ப்புல விரிசல் பாக்கறதுக்குச் செவப்புச் சாயம் அடிச்சு ஊறவெச்சாச்சு. மேல இருக்கறத எப்படி எடுப்ப?

சத்யப்ரியா: கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில அடிச்சு, துணியால தொடைக்கணும். ஏங்ணா, கம்பெனி பஸ்ஸுலயுமா என் உசுர வாங்கணும்?

இலியாஸ்: மத்தூர் வந்தா நீ எறங்கிடுவ. சர்ட்டிபிகேட் பரீட்சை மறுபடி எழுதறியே, ஒத்தாசை பண்ணலாம்னு...

சத்யப்ரியா: பாஸான பெரிய மனுஷன்! பழைய கேள்வித்தாளை உருப்போட்டுட்டு, முழுப் புத்தகமும் படிச்ச என்னைக் கேன்டீன்ல வெச்சுச் சிரிச்சவருதானே?

இலியாஸ்: நீ ஒவ்வொண்ணுக்கும் 'ஏன்'னு யோசிச்சு யோசிச்சு நேரத்தைக் கோட்டை விட்ட... அது கெடக்கட்டும். நேரா பார்ட் மேலயே ஸ்ப்ரே அடிச்சா என்ன ஆவும்?

சத்யப்ரியா: அதெல்லாம் பரீட்சையில வராது.

இலியாஸ்: வந்துச்சுன்னா?

சத்யப்ரியா: விரிசலுக்குள்ள போன சாயத்தையும் சேத்துக் கழுவிடும். அப்புறம் வெள்ளைப் பவுடர் அடிச்சா விரிசலைக் காட்டற செவப்புக் கோடு எங்கருந்து வரும்? உள்ள விரிசல் இருக்கும், பார்ட் மட்டும் நல்ல புள்ளையாட்டம் நிக்கும்.

இலியாஸ்: கொஞ்சம் சாயமாவது... தங்காதா?

சத்யப்ரியா: உங்களுக்குத் தெரியாதா?

இலியாஸ்: 'துணி'ங்கறதுதான் சரியான விடைன்னு தெரியும். ஏன்னு... யோசிக்கல. லாரி இப்ப எங்க இருக்கும்?

சத்யப்ரியா: எந்த... லாரி?

இலியாஸ்: மத்தியானம் போச்சே, பஸ்ஸுக்கு மாட்டற ஸ்டியரிங் ஆர்ம் ஏத்திக்கிட்டு.

சத்யப்ரியா: ஓசூரை நெருங்கியிருக்கும்.

இலியாஸ்: அவசரம், அவசரம்னு கத்தினாங்க சத்யா. துணியால தொடைச்சா நேரமாவுதேன்னு நேரா அடிச்சுட்டேன். எல்லாத்துலயும். ஒண்ணுலகூடக் கோடு வரல. பெருமையா ஓகே முத்திரை குத்தினேன். திட்டேன். காறித் துப்பேன்.

சத்யப்ரியா: போன் பண்ணுங்க. மொதல்ல லாரி நிக்கட்டும்.

இலியாஸ்: மேனேஜர் தமிழரசன் சார்கிட்டயா? நான் பாஸானப்ப எல்லார் முன்னாடியும் எனக்கு லட்டு ஊட்டினவரு... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு...

சத்யப்ரியா: அந்த பஸ்ஸுல ஜனங்க ஏறுவாங்கண்ணா!

இலியாஸ்: ...சார், இலியாஸ் பேசறேன். அந்த லாரியை நிறுத்துங்க சார். விரிசல் டெஸ்ட் தப்பு... நான்தான் சார், கிளீனரை நேரா அடிச்சுட்டேன்... இல்ல சார், பக்கத்துல யாரும் கவனிக்கல...

சத்யப்ரியா: கவனிச்சேன். நீங்க நேரா அடிக்கறப்பவே பாத்துட்டேன்... பாஸானவரு நல்லா மாட்டிக்கட்டும்னுதான் வாய மூடிட்டு நின்னேன். போனைக் குடுங்க, சார்கிட்ட அதையும் சொல்லணும்.