பின்கதவில் அடுக்கிய மூட்டைகள்

கடைசி ரயிலுக்கும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கும் நீங்கள் எழுந்துகொள்ளப் பார்க்கும் நேரத்தில் மைக் முன்னால் வந்து நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விழாத் தலைமை ஏற்ற வணிகர் சங்கத் தலைவர் ஷண்முகசுந்தரம் ஐயா அவர்களே, 'தன்னலமற்ற தலைவர்' விருது பெற்ற எங்கள் தறிக்கூட முதலாளி தணிகாசலம் அவர்களே, அதை வழங்கிய ஆய்வு அதிகாரி அனுசுயா அம்மா அவர்களே, திருத்தணிப் பெரியவர்களே, தறிச்சத்தத்தின் நடுவே தாலாட்டுப் பாடும் என் தாய்மார்களே, வணக்கம்.

முதலாளியின் அலுவலகத்தில் வேலை செய்பவள் நான். வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். எழுதியும் வந்தேன். மதியம் கண்டதற்குப் பிறகு அதை வாசிக்க வாய் வரவில்லை.

அதிகாரி அம்மா தறிக்கூடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று முன்வாசலில் கிடந்த லுங்கி மூட்டைகளை அள்ளிப் பின்னால் அடுக்கினார்கள். வாசலில் மாக்கோலம், மாவிலை, மேளம், மாலை. மூட்டைகளை அடுக்கிய இடம் எது? வேலை நேரத்தில் எங்கள் பிள்ளைகள் தூங்கும் அறையின் பின்கதவு.

அந்த நேரம் பார்த்து, அறையின் முன்கதவை ஒட்டிய தறியில் மோட்டார் கருகியது. புகை உள்ளே புகுந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மணியம்மை பின்கதவைத் தள்ளுகிறாள்.

"தொறக்க மாட்டேங்குதுக்கா. வெளிய மூட்டைய அடுக்கிட்டுப் போய்ட்டாங்க."

உள்ளே என் மகள் அபி. ஓடினேன். தாய்மார்களே, தறியை விட்டுவிட்டு நீங்களும் ஓடிவந்தீர்கள். நாம் மூட்டையைப் புரட்டுகையில் மேஸ்திரி என்ன சொன்னார்?

"கத்தாதம்மா, முன்னால போட்டோ எடுத்துகினு இருக்காங்க."

பிள்ளைகள் பிழைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அதே மூட்டைகள், அதே கதவில், மறுபடியும். "விழா முடியட்டும், வாசல் அசிங்கமா இருக்கும்ல" என்கிறார் மேஸ்திரி. இந்த நிமிடமும் அங்கேதான் கிடக்கின்றன.

கை தட்டாதீங்கக்கா. யாரு அங்க, "இன்னாம்மா, மாலை போட்ட எடத்துல இதையா பேசறது" என்பது? ஆங் அண்ணே, இந்த இடத்தில்தான்.

முதலாளி ஐயா, நீங்கள் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அந்த அறையைக் கட்டித் தந்ததே நீங்கள். அதிகாரி அம்மா, "எல்லாம் சரி" என்று சொல்லி முன்வாசலோடு திரும்பிவிட்டீர்கள். யாருக்காகப் பெருக்கிய வாசல் அது? யாருக்காக அடைத்த கதவு அது? அதிகாரம் வரும்போது ஏழைக்கு வழி திறக்க வேண்டாமா? இருந்த வழியும் அடைபட்டால் அது என்ன தலைமை? அரசில் இருப்பவரும் தொழிலில் இருப்பவரும் தம் பிள்ளையை அந்த அறையில் படுக்க வைத்துவிட்டு வந்து மேடையில் உட்காரட்டும். தலைவர் என்று முதல் ஆளாக நானே கை தட்டுகிறேன்.

என்ன முதலாளி ஐயா? "காலைல பாத்துக்கலாம்மா" என்கிறீர்களா? காலை ஆறு மணிக்கு ஷிப்ட். தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்கு முன்பே வந்துவிடுவோம். விட்டுவர எங்களுக்கு வேறு இடம் இல்லை.

இருந்து கேட்ட சபைக்கு நன்றி, வணக்கம். மைக்கை உங்கள் கையில் தருகிறேன் முதலாளி ஐயா. மூட்டைகளை இன்றைக்கே எடுப்பீர்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.