ஆறு மாதப் பயிற்சி

கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் பேருந்து பதினேழு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. நின்றவர்கள் மட்டும் இருபத்துமூன்று பேர். இரண்டு தரம் எண்ணினேன். எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்து இளைஞனிடம் கேட்டாள்:

"நான் நிலத்தில விழுந்ததுக்கு அந்த மனிசன் கை தட்டினவரோ?"

"ஓம் அக்கா. ஹொங்கொங்கில நாற்பது வருசமாச் சண்டைப் படம் எடுக்கிறவர். அவரிட்டப் படிக்கத்தானே போனனான். என்ர படத்தில சண்டையெல்லாம் குப்பையெண்டிட்டார். சந்தைக் காட்சியை மட்டும் நாலு தரம் பார்த்தவர்."

"எங்களுக்குச் சொல்லாமல் வெடி கொளுத்தினியே, அதுவோ?"

"அதுதான். பதினொரு பேரும் ஒரே நேரத்தில குப்புற விழுந்து காதைப் பொத்தினியள். இவைக்கு எத்தினை மாதம் பழக்கினனி எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னனி?"

"ஆறு மாதம்."

அவள் சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

"பெரிய வாத்தியார்! நாங்கள் ஷெல் விழ விழ இதைப் பழகேக்க நீ கொழும்பில கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தனி."

"அப்பிடி இன்னொரு காட்சி எடுத்தால் படத்துக்குத் தன்ர பேரைப் போட விடுவாராம் அக்கா. ஒருக்கா வந்து விழுங்கோவன்."

அவள் உடையார்கட்டில் இறங்க எழும்பினாள்.

"எங்களுக்கு ஆர் பழக்கினதெண்டு முதல் அவருக்குச் சொல்லு. அதைக் கேட்ட பிறகும் கை தட்டினாரெண்டால், வாறன்."