கடைசியாகச் சொன்ன முகவரி

மந்தைவெளியில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"வெள்ளத்தப்போ எங்க வீட்டு அட்ரஸை எங்க வீட்டுக்காரர் கடைசியாத்தான் சொன்னாரு" என்றார் கண்ணாடி போட்டவர், பெருமையாக. நான் கையிலிருந்த போனை மடியில் வைத்தேன்.

"இன்னா ஸ்டெல்லா சொல்றே?"

"போன் எல்லாம் செத்துப்போச்சு. அவரு ரெண்டு பக்கமும் பேசற ஹாம் ரேடியோவோட மீட்பு ஆபீஸ்ல இருந்தாரு. வர்ற சேதியைக் கேட்டு படகை அனுப்பச் சொல்றதுதான் அவர் வேலை. எங்க தெருவுல முதல்ல டயாலிசிஸ் பண்ற பெரியவர், அப்புறம் நிறைமாசப் பொண்ணு. அதுக்கப்புறந்தான் நாங்க."

"படிக்கட்டு வரைக்கும் தண்ணி. கட்டின பொண்டாட்டியைக் கடைசியில தள்ள அவருக்கு எப்டி மனசு வந்துச்சு?"

"அவரை ஏன் திட்றே? எனக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருக்கு. அந்த மூணு சேதியையும் எங்க மொட்டை மாடியிலேர்ந்து அனுப்பினதே நான்தான். எங்க வீட்டுக்கு 'அவசரமில்லை'ன்னு சொன்னேன். கேட்டதை அப்டியே திருப்பிச் சொல்லணும், அது எங்க ரேடியோ வழக்கம். சொல்றப்போ அவர் குரல் நடுங்கிச்சு."

"அப்புறம்?"

"அவசரமில்லைன்னே சொன்னாரு. ஒரு வார்த்தை மாத்தல."